கிளிக்கூண்டுக்கு ஊர் முழுவதும் பொறுப்பு

மார்கழி மழை ஓய்ந்ததும் புத்தளம் கரையோரத் தென்னந்தோட்டங்களில் ஒரு தேடல் தொடங்கிவிடும். இடி விழுந்தோ வண்டு அரித்தோ தலை போன மொட்டைத் தென்னைகளை அண்ணாந்து பார்த்தபடி பையன்கள் திரிவார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பொந்து, அதன் வாயில் ஒரு சிவந்த மூக்கு. அது கண்ணில் பட்டுவிட்டால் அந்தக் கூட்டுக்கு ஆயுள் அவ்வளவுதான். மாதம்பை, மாரவில பக்கம் கள்ளிறக்குகிறவர்களுக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் மரமேறிப் பிழைக்கிறவர்களுக்கும் எந்த மரத்தில் எப்போது குஞ்சு இருக்கும் என்பது தெரியும். ஏற முடியாதபடி உளுத்த மரமென்றால் வெட்டியே சாய்த்துவிடுகிறார்கள். விழுந்த வேகத்தில் செத்தது போக மிஞ்சியதை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

அந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதைப் பின்தொடர்ந்தால் நம் எல்லோருடைய வாசலும் வந்துவிடும். மரமேறியவருக்கு ஒரு நாள் கூலி. இடையில் ஒரு வியாபாரி. அவரிடம் வாங்குகிற ஆசிரியர், கடை முதலாளி, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகன், பேரப்பிள்ளைக்குப் பரிசு தேடுகிற பாட்டன். அடுத்த வீட்டில் கூண்டு தொங்குவதைப் பார்த்து "பேசுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிற நாம். இதில் எவரும் கொடியவர் இல்லை. பெரும்பாலானோர் கிளியை உண்மையாகவே நேசிக்கிறவர்கள். அதனால்தான் இதைச் சட்டத்திடம் மட்டும் விட்டுவிட முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர் கூடி ஒரு முடிவுக்கு வர வேண்டிய விடயம் இது.

இலங்கையில் ஐந்து வகைக் கிளிகள் உண்டு. அவற்றில் இரண்டு, மழைக்காடு நிறைந்த தென்மேற்கையும் மலைச்சரிவையும் விட்டு அதிகம் வராத, இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய இனங்கள். நம் கரையோரத்தில் காலையும் மாலையும் கூச்சலிட்டுக்கொண்டு பறப்பவை பெரும்பாலும் கழுத்தில் ரோசா நிற வளையம் கொண்ட சாதாரணப் பச்சைக்கிளியும், தோளில் செம்மறு கொண்ட பெரிய பச்சைக்கிளியும்தான். சிங்களத்தில் லபு கிரவா என்று சொல்லப்படும் இந்தப் பெரிய கிளியைத்தான் வியாபாரம் குறிவைக்கிறது. குரல் தெளிவு, உருவம் பெரிது, விலை அதிகம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறுத்தலை நெருங்கும் இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கூட்டிலிருந்து குஞ்சுகளைக் களவாடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கிளியின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூக்கிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கு மேல் வால். சந்தையில் கிளிக்கூண்டு என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை அடி அகலந்தான். வாலை வைக்கவே இடமில்லாத பெட்டிக்குள் சிறகை எங்கே விரிப்பது? கூண்டுக் கிளிகளின் வால் நுனி தும்புத்தடிபோல் பிய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோயல்ல அது, கம்பியில் தேய்ந்தது.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் ஒரு தேநீர்க் கடையின் தாழ்வாரத்தில் தொங்கிய கிளியைக் கிட்ட நின்று பார்த்தேன். குறுக்குத்தடியில் இடப்பக்கம் இரண்டு அடி, ஒரு தலையாட்டல், வலப்பக்கம் இரண்டு அடி, ஒரு தலையாட்டல். நான் தேநீர் குடித்து முடிக்கும் வரை அது நிற்கவில்லை. நெஞ்சில் உள்ளங்கையளவு இடத்தில் இறகு இல்லை. சாம்பல் நிறத் தோல் தெரிந்தது. தட்டில் தேநீரில் நனைத்த பிஸ்கட் ஒரு துண்டும் காய்ந்த கொச்சிக்காய்க் காம்பும். மேல் அலகு வளைந்து கீழலகைத் தாண்டி நீண்டிருந்தது. கடைக்காரருக்கு அந்தக் கிளிமேல் உயிர். வருகிறவர்களுக்கு அது "வாங்கோ" சொல்லும் என்று பெருமையோடு காட்டினார். ஒரு சிறுவன் கைதட்டினான். கிளி "வாங்கோ" என்றது. மீண்டும் இடப்பக்கம் இரண்டு அடி.

அந்த நடையும் தலையாட்டலும் குறும்பு என்று நாம் எண்ணுகிறோம். விலங்கு நடத்தையைப் படிப்பவர்களுக்கு அது நன்கு தெரிந்த துன்ப அடையாளம். செய்ய வேலையில்லாத, போக இடமில்லாத மூளை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கிவிடும். 2021இல் பிரித்தானிய ரோயல் சொசைட்டியின் ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, வீடுகளில் வளர்க்கப்பட்ட ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட கிளிகளை, ஏறத்தாழ ஐம்பது இனங்களை, ஒப்பிட்டுப் பார்த்தது. உடலளவோடு ஒப்பிடும்போது மூளை பெரிதாக உள்ள இனங்களில் இந்த அர்த்தமற்ற அசைவுகள் கூடுதலாக இருந்தன. காட்டில் தீனைத் தேடி, உடைத்து, தோலுரித்துத் தின்னும் இனங்களிடம் கூண்டில் தம் இறகைத் தாமே பிடுங்கும் போக்கு அதிகமாக இருந்தது. எந்த அறிவுக்காகக் கிளியை விரும்புகிறோமோ அந்த அறிவேதான் கூண்டில் அதை வதைக்கிறது.

பேச்சும் அப்படித்தான். கிளி காட்டில் தனியாக வாழும் பறவை அல்ல. சோடியாக இரை தேடும். மாலையில் நூற்றுக்கணக்கில் ஒரே தோப்பில் வந்தடையும். ஒன்றையொன்று குரலால் அடையாளம் காணும், அழைக்கும், பதில் சொல்லும். வெனிசுவேலாவில் ஒரு சிறு கிளி இனத்தைப் பல்லாண்டுகள் கவனித்த ஆய்வாளர்கள், கூட்டிலிருக்கும் குஞ்சுக்குத் தாய் தகப்பன் தனித்தனி அழைப்பொலி பழக்குவதை 2011இல் எழுதினார்கள். கேட்ட ஒலியைத் தன்னதாக்கும் இந்தத் திறமை தன் இனத்தோடு சேர்ந்து வாழக் கிடைத்தது. கண் திறக்கும் முன்பே கூட்டிலிருந்து எடுக்கப்பட்ட குஞ்சுக்குப் பழக வேறு குரல் இல்லை. நம் குரலைப் பழகிக்கொள்கிறது. சோடியும் கூட்டமும் இல்லாத பறவை நம்மை அழைக்கிறது. நாம் கைதட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறோம்.

அதற்கு எவ்வளவு புரியும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பர்க் வளர்த்த ஆபிரிக்கச் சாம்பல் கிளி அலெக்ஸ் ஒரு பதில். 1977இல் சாதாரணக் கடையொன்றில் வாங்கிய பறவை அது. 2007இல் இறக்கும்போது நூறு சொற்களுக்கு மேல் தெரிந்திருந்தது. நிறமும் வடிவமும் பிரித்துச் சொன்னது. ஆறு வரை எண்ணியது. நம்மூர்க் கிளிகளும் அதே கிளி வரிசையைச் சேர்ந்த பறவைகள். முப்பது ஆண்டு வாழக்கூடியவை. பத்து வயதுப் பிள்ளை ஆசைப்பட்டதென்று வாங்கிய கிளி, அந்தப் பிள்ளை படித்து, மணமுடித்து, வேறு ஊருக்குப் போன பிறகும் அதே தாழ்வாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

தீனி விடயத்தில் நாம் செய்வது அன்பால் நேரும் கெடுதி. சோறு, பாண், பிஸ்கட், பால் தேத்தண்ணி என்று வீட்டில் என்ன உண்டோ அதைக் கொடுக்கிறோம். சற்று வசதியானவர்கள் சூரியகாந்தி விதையை நிரப்பி வைக்கிறார்கள். அதில் கொழுப்பு மிக அதிகம். பறக்காத உடலில் ஈரல் பழுதாகும். உயிர்ச்சத்து ஏ குறைந்து மூக்கும் கண்ணும் சீழ் பிடிக்கும். வெயிலே படாத கூண்டில் எலும்பு மெலியும். மென்று கடிக்க மரக்கிளை இல்லாததால் அலகு தேயாமல் வளர்ந்துபோகும். ஒரே தடிப்பான வழுவழுத்த தடியில் வருடக்கணக்கில் நின்ற பாதம் புண்ணாகும். முருங்கையிலை, அகத்தி, பப்பாசி, கொய்யா, பச்சைக் கொச்சிக்காய், ஊறவைத்த பயறு, கடிக்க ஒரு வேப்பங்கிளை அல்லது கொய்யாக்கிளை. இவை நம் வேலியோரத்திலேயே இருக்கின்றன, காசும் ஆகாது. ஆனைக்கொய்யா மட்டும் வேண்டாம், அது கிளிக்கு நஞ்சு. அலுமினியச் சட்டியோ மண்சட்டியோ கேடில்லை. ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, சமையலறையில் தொங்கும் கிளியை நிமிடக் கணக்கில் கொன்றுவிடும்.

கிளியிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் காய்ச்சலும் ஒன்று உண்டு. 1929, 1930ஆம் ஆண்டுகளில் ஆர்ஜென்டினாவிலிருந்து கப்பலேறிய கிளிகளோடு அது பல நாடுகளுக்குப் பரவியது. இன்று அதற்கு மருந்து இருக்கிறது. பயந்து பறவையைத் தெருவில் விடத் தேவையில்லை. எச்சத்தைக் காய்ந்து தூசியாகும் முன் ஈரத்துணியால் துடைத்து, கைகழுவினால் போதும். காய்ச்சலென்று வைத்தியரிடம் போனால் வீட்டில் கிளி இருப்பதைச் சொல்லுங்கள்.

இனி நம் ஊர்களில் எழும் நியாயங்களுக்கு வருவோம். முதலாவது, பயிர்செய்கிறவர்களின் குரல். நுரைச்சோலையிலும் கற்பிட்டியிலும் மணலில் தண்ணீர் இறைத்துக் கொச்சிக்காயும் கச்சானும் மரக்கறியும் விளைவிப்பவர்களுக்குக் கிளிக்கூட்டம் விருந்தாளி அல்ல. மாமரத்தில் இறங்கினால் ஒரு பழத்தைக் கொத்திவிட்டு அடுத்ததற்குப் போகும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் குஞ்சு இறக்குவதால் கச்சான் ஒரு மூடைகூட மிஞ்சப்போவதில்லை. பயிரைத் தின்பவை வளர்ந்த பறவைகள். பொந்தை உடைத்தாலும் அவை போகமாட்டா. காய்க்கு உறை கட்டுவது, பழுக்கும் வாரங்களில் காவலிருப்பது, பக்கத்துத் தோட்டத்தாரோடு சேர்ந்து ஒரே நாட்களில் விதைத்து ஒரே நாட்களில் அறுப்பது ஆகியவைதாம் பலன் தருபவை. வலை போடுகிறவர்கள் அதை இழுத்துக் கட்ட வேண்டும். தளர்ந்த வலையில் சிக்கிய கிளி தலைகீழாகத் தொங்கிச் சாகிறது.

இரண்டாவது, தென்னந்தோட்டக்காரர்களின் சிக்கல். இதற்கு எளிய விடை இல்லை. தென்னை ஆராய்ச்சி நிறுவனம் நம் மாவட்டத்திலேயே லுணுவிலவில் இருக்கிறது. உளுத்த தென்னங்குற்றியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் என்பதால் பட்ட மரங்களை அகற்றச் சொல்கிறார்கள். அது சரியான ஆலோசனை; வண்டு பெருகினால் நட்டம் தோட்டத்துக்கு. கிளிக்கோ அந்த மொட்டைத் தென்னைதான் வீடு. பொந்தைத் தானே முழுதாகக் குடையும் பறவை அல்ல அது. மரங்கொத்தி விட்டுப்போன துளையையோ உளுத்த இடத்தையோ பெரிதாக்கிக்கொள்ளும். மரத்தை அகற்றத்தான் வேண்டுமென்றால் குஞ்சு பறக்கும் வரை பொறுங்கள். கூட்டிலிருந்து பெரிய கிளிக்குஞ்சு வெளியேற ஏறத்தாழ ஏழு வாரம் பிடிக்கும், அவ்வளவுதான். பட்ட மரத்தை எடுத்த இடத்தில், உள்ளே குடைந்த மரக்குற்றி ஒன்றையோ பலகைப் பெட்டியையோ உயிருள்ள மரத்தில் உயரக் கட்டிவிடலாம். தோட்டச் சொந்தக்காரர்கள் தங்கள் வேலையாட்களிடம் "இந்தத் தோட்டத்தில் குஞ்சு இறக்கக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொன்னால், எந்த அதிகாரி வந்து சொல்வதைவிடவும் அது எடுபடும்.

மூன்றாவது, பக்தியும் பழக்கமும். திருவிழா வீதிகளில் கிளி சாத்திரம் பார்ப்பது நமக்குப் பழகிய காட்சி. சிறகு கத்தரித்த கிளி பெட்டியிலிருந்து வந்து ஒரு சீட்டை எடுத்துவிட்டு, ஒரு நெல்லைக் கொத்தித் திரும்பவும் இருட்டுக்குள் போகிறது. மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கூண்டு இல்லாமல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்கிளியை நாள்தோறும் பச்சை இலைகளால் புதிதாகச் செய்து சாத்துகிறார்கள். அந்தச் சேவைக்கு ஒரு பறவையும் சிறைப்படுவதில்லை. இஸ்லாமியக் குடும்பங்களில் எல்லோரும் கேட்டு வளர்ந்தது, பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழி. முன்னேஸ்வரம், உடப்பு கோயில்களின் திருவிழா அறிவிப்பிலும், புத்தளம் பள்ளிவாசல்களின் வெள்ளிக்கிழமை உரையிலும், ஆகஸ்ட்டில் தலவில அன்னம்மாள் ஆலயத்துக்கு வரும் பெருங்கூட்டத்துக்குச் செய்யும் ஒலிபெருக்கி அறிவிப்பிலும் கிளியைக் கூண்டில் அடைக்காதீர்கள் என்ற இந்த ஒரு விடயம் இடம்பெற்றால், நான்கு சமூகமும் வாழும் இந்த மாவட்டத்தில் யாரும் யாரையும் குறைசொல்ல வேண்டியிராது.

சட்டம் என்ன சொல்கிறது? 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009இன் 22ஆம் இலக்கத் திருத்தமும் நடைமுறையில் உள்ளன. பெரிய பச்சைக்கிளி பாதுகாக்கப்பட்ட பறவை. பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். முகநூலில் குஞ்சு விற்றவர்களை வனஜீவராசிகள் அதிகாரிகள் பிடித்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன. மறுபுறம், கூண்டுப் பறவையை வதைப்பவருக்கான சட்டமோ 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதன் உச்சத் தண்டம் 100 ரூபாய். சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்து கொடுத்த விலங்கு நலச் சட்டமூலம் அரசாங்கங்கள் மாற மாற ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. நம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்டிருக்கிறோமா?

அக்கரையில் தமிழ்நாட்டில் 2023 பெப்ரவரியில் வீட்டில் இரண்டு பெரிய கிளி வைத்திருந்த நடிகர் ஒருவருக்கு இரண்டரை இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தார்கள். அதே ஆண்டு யூலையில் கோயம்புத்தூர் வனத்துறை, கிளி வளர்ப்பவர்கள் குறித்த திகதிக்குள் தாமாக வந்து ஒப்படைக்கலாம் என்று அறிவித்தது. தண்டத்தைவிட இந்த இரண்டாவது வழிதான் நமக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. பயமுறுத்தினால் கூண்டு தாழ்வாரத்திலிருந்து பின்னறைக்குப் போகும். கிளிக்கு இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விடும்.

உணர்ச்சிவசப்பட்டு நாளைக்கே கூண்டைத் திறந்துவிடுவதும் தீர்வாகாது. கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. பருந்தைக் கண்டால் ஒளியத் தெரியாது. பறக்கும் தசை வலுவிழந்திருக்கும். சிறகு வெட்டியதாக இருந்தால் காகங்களே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். லவ்பேட்ஸ், கொக்கட்டீல் போன்ற வெளிநாட்டு இனங்களை இங்கே வெளியே விடுவது அவற்றுக்கும் கேடு, நம் பறவைகளுக்கும் கேடு. மீண்டும் காட்டுக்குப் போகக்கூடியதை, பெரிய கூண்டில் மற்றக் கிளிகளோடு மாதக்கணக்கில் பழக்கித்தான் அனுப்ப வேண்டும். வடக்கே வில்பத்து இருக்கிறது. நிக்கவரட்டியவில் வனஜீவராசிகள் மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். அனுப்ப முடியாதவற்றுக்கு மாவட்டத்தில் ஒரு பெரிய பறவைக்கூடம் தேவை. நகர சபைகளும் பிரதேச சபைகளும் சேர்ந்தால் அது பெரிய செலவல்ல.

ஆகவே கேட்பது இதுதான். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் அரச கால்நடை வைத்தியர்களும் சேர்ந்து புத்தளம், கற்பிட்டி, சிலாபம், வண்ணாத்திவில்லு ஆகிய இடங்களில் வழக்கின்றி, தண்டமின்றி ஒப்படைக்கும் நாளொன்றைக் குறிக்க வேண்டும். கிராம அலுவலர்கள் அதை வீடு வீடாகச் சொல்ல வேண்டும். பாடசாலைகளில் கூண்டுக் கிளியை வரையச் சொல்லிப் பரிசு கொடுப்பதை விட்டுவிட்டு, மாலையில் தோப்பில் வந்தடையும் கிளிகளை எண்ணக் கற்றுக்கொடுக்கலாம். சென்னை இராயப்பேட்டையில் 'கேமரா' சேகர் என்பவரின் மொட்டைமாடிக்கு ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் சோறு தின்ன வந்து போனதை உலகமே பார்த்தது. அவற்றுள் ஒன்றுக்கும் கூண்டில்லை. நம் முற்றத்தில் ஒரு கொய்யாவையும் ஒரு தட்டுத் தண்ணீரையும் விட்டுவைத்தாலே கிளி வரும், நம் ஊரில் கிளிக்குப் பஞ்சமில்லை.

இப்போது வீட்டில் கிளி வைத்திருப்பவர்களே, ஒப்படைக்கும் வழி பிறக்கும்வரை கூண்டை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். காலை வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள், பாதி நிழல் இருக்கட்டும். கடிக்கக் கிளை போடுங்கள். இரவில் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள்; அதற்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். வெள்ளம் வந்து வீட்டைவிட்டு வெளியேறும்போது கூண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது செத்தால் இன்னொன்று வாங்காதீர்கள். குஞ்சு விற்க வருபவரிடம் "பாவம், நாமாவது நல்லாய் வளர்ப்போம்" என்று இரக்கப்பட்டும் வாங்காதீர்கள். அந்தக் காசுதான் அடுத்த மரத்தில் ஏறுகிறது.

தோட்டத்தில் குஞ்சு இறக்குவதையோ வீதியில் விற்பதையோ கண்டால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.